பூனைத் தடுப்பூசியும் கருத்தடையும்: கேரள–தமிழக எல்லையோர ஊர்களிலிருந்து சில அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து உறுப்பினர்:

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழ் பேசும் ஊர்களுள் ஒன்று எங்களுடையது. வீட்டுக்கு வீடு கறவை மாடு உண்டு. தவிடும் புண்ணாக்கும் இருக்குமிடத்தில் எலி வரும், எலிக்காகப் பூனையும் வரும். ஆனால் அது யாருடைய பூனை என்று கேட்டால் ஒருவருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. அதனால் வரும் சிக்கல், பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கடுவன் பூனை ஒன்று பிறாண்டிய அன்றுதான் தெருவுக்கு விளங்கியது.

கையில் இரத்தம் கசிந்திருந்தது. பாட்டி மஞ்சள் எடுக்கப் போனார். என் மனைவி தடுத்து, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிய பிறகே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவிட்டார். இரத்தம் கசியும் பிறாண்டல், வெறிநோய் ஆபத்து மிகுந்த மூன்றாம் வகைக் காயம் என்பதால், வெறிநோய்த் தடுப்பூசியோடு காயத்தில் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பு மருந்தும் செலுத்தினார்கள். ஊசி போட வேண்டிய நாள்களை 0, 3, 7, 28 என்று குறித்துக் கொடுத்த மருத்துவர், அந்தப் பூனையைப் பத்து நாள் பார்வையில் வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். எச்சிலில் வெறிநோய்க் கிருமி வெளியாகும் நிலையை எட்டிய நாயோ பூனையோ அந்தப் பத்து நாளுக்குள் நோய்க்குறி காட்டிவிடும். அது நலமாகவே இருந்தால் மீதித் தவணை தேவையா என்று மருத்துவர் முடிவுசெய்ய முடியும். எங்கள் தெருக் கடுவனோ பெட்டையைத் தேடி அலைவது; அன்றிரவு போனது பிறகு கண்ணில் படவே இல்லை. சிறுமி எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறாள்.

தடுப்பூசியையும் கருத்தடையையும் இரு வேறு செலவுகளாக எண்ணி ஒன்றைத் தள்ளிப்போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கருத்தடை அறுவை செய்யாத கடுவன் வீட்டில் நிலையாகத் தங்குவதில்லை. தங்காத பூனைக்கு ஆண்டுதோறும் ஊசி போடவும் இயலாது, யாரையேனும் கடித்தால் கண்காணிக்கவும் இயலாது.

எங்கள் மூவண்ணப் பெட்டைக்கு முதல் பருவத்துக்கு வருமுன்பே பொள்ளாச்சியில் அறுவை செய்வித்தோம். ஆறு மாதத்துக்குள் செய்துவிட்டால் பிற்காலத்தில் மடிப் புற்று வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்பதே நாங்கள் அவசரப்பட்டதற்குக் காரணம். இனி எலி பிடிக்காது என்று என் மாமியார் வாதிட்டார். வேட்டைக் குணம் கருப்பையைச் சார்ந்ததன்று என்று எவ்வளவு விளக்கியும் அவர் ஏற்கவில்லை. தவிட்டு மூட்டைகள் மட்டும் கிழிபடாமல் இருக்கின்றன. உடல் பருப்பது உண்மைதான், ஆகவே தீனியைச் சற்றுக் குறைத்திருக்கிறோம்.

வண்டிப்பெரியாற்றிலிருந்து ஓர் உறுப்பினர்:

கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொன்னது வெறிநோய். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நடந்தது வேறு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரே பருவத்தில் சில தாய்ப்பூனைகள் குட்டி போட்டிருந்தன. திடீரென்று குட்டிகள் வாந்தியெடுத்தன, பேதியாயின, குடிக்க முடியாமல் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தன. அடுத்தடுத்துச் செத்தபோது, யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று இரண்டு குடும்பங்களுக்கிடையே பெரும் சண்டை மூண்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்த பிறகுதான், வெள்ளணுக்களை அழிக்கும் பான்லூக்கோபீனியா என்ற நச்சுயிரி நோய் அது என்று தெரிந்தது. சண்டை போட்டவர்கள் இன்னமும் பேசிக்கொள்வதில்லை என்பது தனிக்கதை.

அந்தக் கிருமி தரையிலும் சாக்கிலும் ஓராண்டு வரைகூடப் பிழைத்திருக்கும். பலரும் நம்பும் பினாயில் அதற்குப் போதாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். இதை அறியாமல் உடனே புதுக்குட்டி கொண்டுவந்த வீட்டில் அதுவும் இறந்தது. இந்நோய்க்கான முதல் ஊசியைக் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதிலும், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் நிறையும் வரையும் போட வேண்டும். தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்பாற்றல் எப்போது வடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததாலும், அது இருக்கும்வரை ஊசியின் பலனைத் தடுப்பதாலும் இத்தனை தவணை. வெறிநோய்க்கான ஊசி மூன்று மாத வயதில் தனியாக.

எங்கள் வரிசையில் ஊசி மட்டும் போட்டுப் பார்த்தார்கள்; பயன் குறைவாகவே இருந்தது. பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரந்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும். ஆகையால் ஊசி போடாத குட்டிகள் எப்போதும் சில இருந்துகொண்டே இருந்தன. பெட்டைகளுக்கு அறுவை செய்த பிறகே அந்தத் தொடர் ஓய்ந்தது.

ஆரியங்காவு பக்கத்து உறுப்பினர்:

அறுவைக்குப் பயந்து ஹார்மோன் ஊசியால் சினைப்படாமல் தடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. என் தங்கையின் பூனைக்கு அப்படிப் பலமுறை போட்டதில் கருப்பையில் சீழ் கட்டியது. கடைசியில், நோயுற்ற நிலையில், கூடுதல் ஆபத்தோடு அதே அறுவையைச் செய்ய வேண்டியதாயிற்று. செங்கோட்டையில் பார்த்த மருத்துவர், அந்த ஊசிகள் மடிக்கட்டிக்கும் வழிவகுக்கும் என்றார். கடுவனுக்கு அறுவை செய்த மறுநாளே அதைப் பெட்டையோடு விடலாமா என்பது என் ஐயம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து உறுப்பினர்:

விடக்கூடாது, தங்கச்சி. விரை எடுத்த பிறகும் குழாயில் எஞ்சிய விந்தணுவால் சில வாரங்கள் வரை சினைப்படுத்தும் திறன் இருக்கலாம். அதுவரை தனியறையில் வைத்திருங்கள். பெட்டையாக இருந்தால் பத்துப் பதினான்கு நாள் தாவவிடாமலும் தையலை நக்கவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6, உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28 ஆகிய நாள்களையொட்டிக் கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடப்பதுண்டு. நாய்க்கு மட்டுமா, பூனைக்கும் உண்டா என்று முன்னதாகவே கேட்டுவிட்டுக் கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள். ஊசி அட்டையை மறக்க வேண்டாம். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் எங்கள் அட்டையை ஏற்றுக்கொண்டார்கள்.