ருமேனிய கிரகண நோட்டில் பிசுபிசுப்பு: எப்படி எடுப்பது?

1999 ஆகஸ்ட் 11 முழு சூரிய கிரகணத்தை ஒட்டி ருமேனியா வெளியிட்ட 2000 லெய் பாலிமர் (பிளாஸ்டிக்) நோட்டு என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் சூரியனும் கோள்களும், பின்பக்கம் நாட்டு வரைபடத்தின் குறுக்கே நிழல் போன பாதை. இப்போது அதன் ஒளி ஊடுருவும் சன்னல் பகுதி மங்கி, தொட்டால் விரலில் எண்ணெய் மாதிரி ஒட்டுகிறது. மை இன்னும் உரியவில்லை.

புக்கரெஸ்டில் குடியிருக்கிறேன். மலிவான மென்பிளாஸ்டிக் ஆல்பம், ஹீட்டர் பக்கத்து அலமாரி, போன குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருந்தது. அதே ஆல்பத்தில் இருந்த 2000ஆம் வருட 10,000 லெய், நிக்கோலாய் யோர்கா படம் போட்டது, அதுவும் பாலிமர், அதிலும் லேசாகப் பிசுபிசுப்பு. ஆனால் 1996 ஜார்ஜ் எனெஸ்கு 50,000 காகித நோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் உறையிலிருந்து கசிந்த பிளாஸ்டிக் எண்ணெய்தான் என்று நினைக்கிறேன்.

உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன், பிசுக்கு இடம் மாறியதே தவிரப் போகவில்லை. வெறும் தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது. இரண்டு நோட்டையும் மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறைக்கு மாற்றியாயிற்று. அசிட்டோன் பக்கம் போகவில்லை, மையைத் தின்றுவிடும்.

2005இல் நான்கு சைபரை வெட்டிய கணக்கில் இந்த நோட்டுக்கு 20 பானிதான் (100 பானி ஒரு புது லெய்), அதனால் வங்கியில் மாற்றும் யோசனையெல்லாம் சொல்ல வேண்டாம்!

பாலிமர் நோட்டில் இந்தப் பிசுக்கை மைக்குச் சேதமில்லாமல் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எதை வைத்து எடுத்தீர்கள்?