விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: எங்கிருந்து தொடங்குவது?

புதுமுகம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக விண்டோஸ் மட்டுமே பயன்படுத்தி வருகிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. என் மடிக்கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. ஆகவே லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தைக் கற்கலாம் என்று இறங்கி, முதல் வாரத்திலேயே நாற்பது கட்டளைகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். அடுத்த வாரம் ஐந்துகூட நினைவில் இல்லை. நண்பரின் கணினியில் பழகியபோது, கடவுச்சொல் கேட்ட இடத்தில் எதைத் தட்டினாலும் திரையில் ஒன்றும் தோன்றாததால், விசைப்பலகையே பழுது என்று எண்ணி வேறொன்றை மாட்டியும் பார்த்துவிட்டேன். எந்த வரிசையில் கற்பது? விண்டோஸை அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

பழையகணினி (பதில்):

விசைப்பலகையில் குறை இல்லை. கடவுச்சொல்லின் நீளத்தைக்கூட அருகில் இருப்பவர் அறியக்கூடாது என்பதற்காகவே டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) பொதுவாக எதையும் காட்டுவதில்லை. தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள். நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது அங்கே திகைத்து நின்றவர்கள்தாம்.

விண்டோஸை இப்போது தொட வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் நிறுவல் கோப்பை எழுதி (அதில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும்), அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால், வன்தட்டில் எதையும் நிறுவாமல் லினக்ஸைப் பயன்படுத்தலாம். வேகம் சற்றுக் குறையும். அணைத்தவுடன் நீங்கள் செய்த மாற்றங்களும் பொதுவாகப் போய்விடும். ஆனால் வைஃபை, ஒலி, பிரிண்டர் ஆகியவை உங்கள் கணினியில் ஒத்துழைக்கின்றனவா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மின்ட்டா, இன்னொரு வகையான உபுண்டுவா என்று மாதக்கணக்கில் விவாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; மின்ட்டின் முதன்மைப் பதிப்பே உபுண்டுவின் மேல் கட்டப்பட்டதுதான் என்பதால், ஒன்றில் கற்றது மற்றதில் பெரும்பாலும் செல்லும்.

பின்னர் இரண்டையும் அருகருகே நிறுவுவதாயின், முதலில் உங்கள் கோப்புகளின் நகல் ஒன்றைக் கணினிக்கு வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸில் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்திவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அதனால் விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்க முடிந்தாலும் எழுத முடியாமல் போகலாம்.

கருவிப்பெட்டி (பதில்):

கட்டளைகளைவிட முதலில் கோப்புகளின் அமைப்பு மனத்தில் பதிய வேண்டும் என்பது என் கருத்து. விண்டோஸில் சி, டி என்று தனித்தனி டிரைவ்கள் உண்டு. லினக்ஸில் எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரம். செருகிய பென் டிரைவும் அந்த மரத்தில் ஒரு ஃபோல்டராகவே தெரியும். இதை உணராமல் ‘டி டிரைவ் எங்கே’ என்று நான் ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன். பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கும் ‘பி டபிள்யூ டி’, இங்கே என்ன இருக்கிறது என்று காட்டும் ‘எல் எஸ்’, இடம் மாறும் ‘சி டி’, விளக்கம் தரும் ‘மேன்’ ஆகிய நான்கும் முதல் வாரத்திற்குப் போதும். எல் எஸ்ஸுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் எல் எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பத்துக் குறிகள் தோன்றும். முதற்குறி டி என்றால் ஃபோல்டர், வெறும் கோடு என்றால் சாதாரணக் கோப்பு. மீதி ஒன்பதையும் மும்மூன்றாகப் பிரித்தால், உரிமையாளர், குழுவினர், மற்றவர் ஆகியோருக்குப் படிக்கவும் எழுதவும் இயக்கவும் உள்ள அனுமதிகள் தெரியும். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி வரும்போது, இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவர் இணையத்தில் கிடைத்த, நிர்வாகி அதிகாரத்தோடு இயங்கும் ‘சூடோ’ கட்டளையை அப்படியே ஒட்டிவிட்டுப் பிறகு வருந்துவார்.

ஒரு எச்சரிக்கை: ‘ஆர் எம்’ கட்டளையால் அழிப்பவை குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை.

இரவுப்பணி (பதில்):

நினைவகம் (ரேம்) 8 ஜிபியாவது இருந்தால், பென் டிரைவைவிட விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருள்) நிறுவி, அதில் லினக்ஸை இயக்குவதையே பரிந்துரைப்பேன். அப்போதைய நிலையைச் சேமிக்கும் ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்து வைத்துவிட்டு எதை உடைத்தாலும், பழைய நிலைக்கு உடனே திரும்பலாம். பயம் போனால் கற்பது வேகமாகும்.

புதுமுகம்:

மூவருக்கும் நன்றி. நினைவகம் 4 ஜிபிதான் என்பதால் பென் டிரைவிலேயே தொடங்கிப் பார்த்தேன். வைஃபையும் ஒலியும் உடனே இயங்கின, பிரிண்டர் மட்டும் இன்னும் மௌனம் சாதிக்கிறது. அதற்குத் தனிக் கேள்வியாக விவரங்களோடு வருகிறேன். நாற்பது கட்டளை நோட்டை மூடிவிட்டேன்.