கோகலின் ‘மேல்கோட்டு’: கடைசியில் வரும் பேய் ஒட்டுப்போட்டதா?

பால்வாளி: வணக்கம். சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தில் இந்த ஞாயிறு ரஷ்ய எழுத்தாளர் கோகலின் ‘மேல்கோட்டு’ (1842) கதையைப் பேசுகிறோம், ஒன்றரை மணி நேரம். ஏழைக் கிராணி (எழுத்தர்) ஒருவர் பாடுபட்டுத் தைத்த கோட்டைத் திருடர்கள் பிடுங்குகிறார்கள்; உதவி கேட்டுப் போனால் ஒரு ஜெனரல் விரட்டுகிறார்; காய்ச்சலில் செத்தவர் பேயாகி ஊரார் கோட்டுகளைப் பறிக்கிறார். “ஏழைக் கிராணி கதை நல்லாத்தானே போச்சு, கடைசியில பேய் எதுக்கு?” என்கிறார்கள் பாதிப் பேர். எதார்த்தக் கதையாக நடத்துவதா, பேய்க்கதையாகவா?

ரப்பர்கொட்டை: ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவிடும்ங்க. பேய்க்கு விதை, கிராணிக்குப் பெயர் வைக்கும் பக்கத்திலேயே கிடக்கு. மோக்கி, சோஸ்ஸி என்று வாயில் நுழையாத பெயர்களைத் தள்ளிவிட்டு, அப்பன் பெயரையே வைப்பார்கள்: அக்காக்கி அக்காக்கியெவிச். வெறும் சிரிப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் அக்காக்கியோஸ் ஒரு புனிதர். கொடுமைக்கார குருவுக்கு ஒன்பது வருஷம் பொறுமையாக ஊழியம் செய்து இறந்து, கல்லறைக்குள்ளிருந்து பதில் சொன்னவர். கேலித் துணுக்குக்கு அடியில் புனிதர் வரலாறு ஓடுது.

அடுத்து கணக்கைப் பலகையில் எழுதுங்க. ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள். தையல்காரர் 150-க்கு மேல் கேட்டாலும் 80-க்குத் தைப்பார் என்று நம் ஆள் கணிக்கிறார். கையில் 40. மீதிக்கு ராத்திரி தேநீர் இல்லை, மெழுகுவத்தி இல்லை, அடித்தோல் தேயாமல் நுனிக்காலில் நடை. விரதம் மாதிரியே இருக்கும், கும்பிடுவது மேல்கோட்டைத்தான்! அப்புறம் எதிர்பாராமல் 60 ரூபிள் போனஸ் வருது. அப்பவும் காலருக்குப் பூனைத் தோல்தான் கட்டுப்படியாகுது.

மூணாம்நம்பர்லயம்: அண்ணே சொல்வது சரி, ஆனா அவரைச் சாமியாக்கிடாதீங்க. சாகும் காய்ச்சலில் “மேன்மை தங்கிய ஐயா” என்று சொன்ன கையோடு கெட்ட வார்த்தையில் ஏசுகிறார். புனிதர் வரலாறு அங்கேயே கிழியுது.

வாசிக்கும்போது கெடுவது இன்னொரு இடம். கிராணி பேசுவதே இடைச்சொற்களில்தான், வாக்கியம் முடியாது. மொழிபெயர்ப்பு அதைச் சீராக்கியிருந்தால், “அது வந்து… என்னன்னா…” என்று நீங்களே திக்கி வாசிங்க. அந்தத் திக்கல் போனால் சோகக் கதை மட்டும்தான் மிஞ்சும்.

பேயை விளக்க புஷ்கினின் ‘இஸ்பேட் ராணி’ (1834) உதவும். அங்கே கதாநாயகன் ஹெர்மன் நன்றாகக் குடித்துவிட்டுத் தூங்கி, மூன்று மணிக்குக் கால் மணி முன்னால் விழித்த பிறகுதான் செத்துப்போன கிழவி பேயாக வருகிறாள். போதை என்று சொல்லித் தப்பிக்க வழி உண்டு. கோகலிடம் அந்த வழியே கிடையாது. காவலாளி பேயைக் கையோடு பிடிக்கிறான், மூக்குப்பொடி எடுக்கிறான், காரம் தாங்காமல் பேய் தும்மி மூன்று காவலாளிகளின் கண்ணிலும் தெறிக்குது. பயமும் கேலியும் ஒரே தும்மலில்.

பால்வாளி: அப்போ தும்மலையும், ஜெனரல் தன் மேல்கோட்டைப் பேயிடம் பறிகொடுக்கும் இடத்தையும் வாசித்து முடிச்சிக்கிறேன்.

ரப்பர்கொட்டை: அங்கே நிறுத்தாதீங்க. இன்னும் ஒரு பத்தி இருக்கு, பலரும் தாண்டிடுவாங்க. கடைசிப் பேய் நம்ம கிராணி இல்லை: ஆள் உயரம், பெரிய மீசை, பிரம்மாண்டமான முஷ்டி. கோட்டைப் பிடுங்கிய திருடர்களுக்கும் மீசை, கிராணி தலையளவு முஷ்டி. இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வாசிச்சிட்டு, “இது யாரு?”ன்னு கேளுங்க. கடைசி இருபது நிமிஷத்தை அதுக்கே ஒதுக்கி வைங்க.