தாழங்குடா மணல்மேட்டுக்குச் சவுக்கா, அடப்பங்கொடியா?

மேட்டுத்தெரு: தாழங்குடா பக்கம் மணல்மேடு 60 மீட்டர் நீளத்துக்குச் சரிந்து கிடக்கிறது. காற்று காலத்தில் மணல் தெருவுக்குள் வருகிறது. சவுக்கு வைக்கலாமா? அடப்பங்கொடி மட்டும் போதுமா? எப்படி நடுவது?

நெய்தல்கொடி: கடலைப் பார்த்த சரிவில் சவுக்கு வேண்டவே வேண்டாம். சருகு மெத்தையாக மூடி, அடியில் கொடியோ புல்லோ தலைகாட்ட விடாது. தை, மாசியில் ஆமை முட்டையிட ஏறும் திறந்த மணலும் போய்விடும்.

ஐப்பசியில் நல்ல மழை இரண்டு பெய்யட்டும். ஒரு சாண் தோண்டினால் மணல் கையில் ஒட்ட வேண்டும், அதுதான் நேரம். அடப்பங்கொடியில் (பழம்பாட்டில் வரும் அடும்பு இதுதான்) இளந்தளிரை விட்டு, முற்றின தண்டை இரண்டடி நீளம், நாலைந்து கணுவோடு வெட்டுங்கள். அரையடி ஆழத்தில் படுக்கவைத்து மூடி, நுனிக் கணு மட்டும் வெளியே தெரியட்டும். குத்தாக நட்டால் கணுக்கள் காய்ந்த மேல்மணலிலேயே நின்று, வேர் விடாமல் சுருங்கும். மூன்றடிக்கு ஒன்று, வரிசை மாற்றி நடுங்கள். வெட்டிய தண்டு ஈரச்சாக்கில் இருக்கட்டும், அன்றே நட்டுவிடுங்கள்.

கொடிக்குப் பின்னால், மேட்டின் உச்சிவரை இராவணன் மீசைப் புல். காற்றில் உருண்டோடும் அதன் முள்ளுருண்டை விதைக்கொத்துகளை நம்பாமல், கணுவில் வேர்விட்ட தண்டாக எடுங்கள். இலைமுனை ஊசிபோல் குத்தும், தடித்த கையுறை அவசியம். மணல் மூட மூடக் கணுவில் புதுவேர் விட்டு மேலே ஏறும் புல் இது. மேடு வளர்வதே அப்படித்தான்.

கரைமணல்: நடுவதற்கான தண்டை ஒரே இடத்தில் மொத்தமாக அறுக்காதீர்கள், அங்கே புதுப் பள்ளம் விழும். அடர்ந்த பத்தையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. செம்மண், எரு எதுவும் கொட்ட வேண்டாம், களைதான் வரும்.

மணல் சேர, மூன்றடி உயரத்தில் ஓலைத்தட்டி கட்டுங்கள். பாதிக்குப் பாதி இடைவெளி இருக்கணும். நெருக்கிக் கட்டினால் காற்று அடியில் குடைந்து தட்டியையே சாய்த்துவிடும். படகு இழுக்கும் தடத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். மார்கழி முடிவதற்குள் தட்டியை எடுத்துவிட்டால் ஆமைக்கும் தடையில்லை.

மேட்டுத்தெரு: நன்றி. அலை தொடும் இடம் வரை நடலாமா? தாழை எங்கே?

நெய்தல்கொடி: பெரிய அலை ஒதுக்கிய குப்பைக்கோட்டுக்கு மேலேதான். தாழை, புன்னை, பூவரசு எல்லாம் மேட்டின் பின்சரிவில், தெருப்பக்கம்.

இன்னொன்று. புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே போல, அலைதடுப்புச் சுவரால் மணல்வரத்தே நின்றுபோன கரையில் எந்தக் கொடியும் நிற்காது. அங்கே அரிப்பது காற்று இல்லை, கடல். உங்கள் மேட்டின் அடிவாரம் ஒவ்வொரு மாதமும் எங்கே நிற்கிறது என்று ஒரு பனங்கட்டை நட்டு அளந்து பாருங்கள், பிறகு நடவைத் தொடங்கலாம்.