பிடிபட்ட ஜெர்மன் போர் விமானங்கள்: பழைய படங்களை வைத்து அவற்றின் கதியைக் கண்டறிவது எப்படி?

தாள்நிழல் எழுதியது:

இரண்டாம் உலகப் போரின் காலத்தில் எடுக்கப்பட்ட சில கறுப்பு வெள்ளைப் படங்கள் அண்மையில் என் கைக்கு வந்தன. எடுத்தவர் யார், எந்த இடம், எந்த நாள் என்ற குறிப்பு எதுவும் அவற்றுடன் இல்லை. எல்லாவற்றிலும் இருப்பவை நேச நாட்டுப் படைகளிடம் சிக்கிய ஜெர்மன் விமானங்கள். அவற்றுள் மூன்று படங்களைப் பற்றி மட்டும் இங்கே கேட்க விரும்புகிறேன்.

முதல் படத்தில், முதுகின் மேல் ஒற்றை ஜெட் இன்ஜினைச் சுமந்த ஹைங்கல் 162 விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. கிட்டத்தில் உள்ள விமானத்தின் வால்பகுதியில் சிறிய இலக்கங்களில் 12022 என்று தெரிகிறது. ஆறாவது இலக்கம் ஒரு சிப்பாயின் தோளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதன் அடிப்பகுதி மட்டும் தோளுக்குக் கீழே சற்றே எட்டிப் பார்க்கிறது. இரண்டாம் படத்தில் உள்ளது மெஸ்ஸர்ஷ்மிட் 262. அதன் மூக்கிலிருந்து ஒரு நீண்ட பீரங்கிக் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பக்கவாட்டில் தூரிகையால் எழுதப்பட்ட ஒரு பெயர் பாதி மட்டும் தெரிகிறது. மூன்றாம் படத்தில், மணற்பாங்கான நிலத்தில் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109 நிற்கிறது. ஜெர்மன் சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் பிரிட்டிஷ் வட்டச் சின்னமும், அதையொட்டி சி.வி., வி ஆகிய எழுத்துகளும் உள்ளன.

இந்த விமானங்கள் பின்னர் என்ன ஆயின என்பதை இத்தகைய படங்களை மட்டும் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியுமா? அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் விமானமும் படத்தில் இருப்பதும் ஒன்றேதான் என்பதை எந்த அடையாளத்தை வைத்து ஏற்பது?

வால்துடுப்பு எழுதியது:

உங்கள் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்தச் சிறிய இலக்கங்களில்தான் இருக்கிறது. உடற்பகுதியில் பெரிதாக எழுதிய எண்களும் எழுத்துகளும் படைப்பிரிவு மாறும்போது மாறிவிடும். பிடித்தவர்கள் தங்கள் சின்னத்தை அவற்றின் மேல் பூசுவார்கள். பிறகு அருங்காட்சியகத்தார் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடியும் ஜெர்மன் வண்ணத்தைத் தீட்டுவார்கள். தொழிற்சாலை இட்ட தயாரிப்பு எண், அதாவது வெர்க்நும்மர், மட்டுமே விமானம் பிறந்தது முதல் உடைக்கப்படும் வரை அதனோடு வருவது. எனவே முதலில் அந்த எண்ணைப் பிடிக்க வேண்டும். அடுத்து, அதைப் பிடித்த நாடு அதற்கு எந்த எண்ணைக் கொடுத்தது என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டாம் எண்ணைத் தொடர்ந்து சென்றால் அது கடைசியாக எங்கே இருந்தது என்பது பல நேரங்களில் கிடைத்துவிடும்.

உங்கள் இரண்டாம் படத்தைப் பற்றி என்னால் ஓரளவு சொல்ல முடியும். மூக்கில் 50 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய மெஸ்ஸர்ஷ்மிட் 262 மிக அரிது. அவற்றுள் 170083 என்ற தயாரிப்பு எண் கொண்டதை அமெரிக்கர்கள் 1945இல் லெக்ஃபெல்ட் தளத்தில் கைப்பற்றினர். அங்கு அதைப் பழுதுபார்த்துப் பராமரித்த தரைப்பணியாளர்கள் அதற்கு 'வில்மா ஜீன்' என்று பெயர் எழுதினார்கள். அதன் பிறகு, ஜெர்மன் விமானங்களைத் திரட்டும் பொறுப்பிலிருந்த ஹெரால்ட் வாட்சனின் விமானிகள் அதையே 'ஹேப்பி ஹன்ட்டர் 2' என்று மாற்றி எழுதினார்கள். பெயரை மட்டும் பார்த்துத் தொகுப்பவர் இரண்டு விமானங்கள் இருந்தன என்றே எண்ணிவிடுவார். உங்கள் படத்தில் தெரியும் பாதிப் பெயர் இந்த இரண்டில் ஒன்றோடு பொருந்தினால், படம் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும். அந்த விமானம் அமெரிக்கா போய்ச் சேரவில்லை. 1945 கோடையில் பிரான்சின் மெலூனிலிருந்து செர்பூர் துறைமுகத்துக்குப் பறக்கும் வழியில் இன்ஜின் கோளாறால் விழுந்து நொறுங்கியது. விமானி லுட்விக் ஹோஃப்மான் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். ஆகவே இன்று எங்கேனும் அந்தப் பெயரோடு ஒரு விமானத்தைக் கண்டால், அந்தப் பெயர் பின்னாளில் எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.

செர்பூர் வரை பறந்து சேர்ந்தவற்றோடு வேறு வகை விமானங்களும் சேர்ந்து, சுமார் 40 விமானங்கள் பிரிட்டனின் 'ரீப்பர்' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் 1945 ஜூலையில் அமெரிக்காவுக்குப் போயின. அங்கே அவற்றின் வாலில் எஃப்.இ. என்ற எழுத்துகளோடு ஓர் எண் எழுதப்பட்டது. அவற்றை ஆராய்ந்த அமெரிக்க அலுவலகத்தின் பெயர் மாறியபோது அதே எண்ணுக்கு முன் டி-2 என்று எழுதத் தொடங்கினார்கள். எஃப்.இ. உள்ள படம் முந்தியது, டி-2 உள்ளது பிந்தியது என்று கால வரிசைப்படுத்த இது பெரிதும் உதவும். இன்டியானாவின் ஃப்ரீமன் ஃபீல்டிலும் ஓஹையோவின் ரைட் ஃபீல்டிலும் சோதனை முடிந்த பிறகு, எஞ்சியவற்றில் ஒரு பகுதி இல்லினாயின் பார்க் ரிட்ஜில் இருந்த பழைய தொழிற்சாலைக்குச் சென்றது. கொரியப் போர் தொடங்கி அந்தக் கட்டடம் ராணுவத்துக்குத் தேவைப்பட்டபோது, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தைச் சேர்ந்த பால் கார்பர் இடம் தேடி அலைந்து மேரிலாந்தின் சில்வர் ஹில்லில் அவற்றைச் சேர்த்தார். அந்த ஒருவரின் பிடிவாதம் இல்லாவிட்டால், 140312 என்ற எண் கொண்ட அராடோ 234 போன்றவற்றை நாம் இன்று படத்தில் மட்டுமே பார்த்திருப்போம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிழக்கு ஓடுதளம் எழுதியது:

முதல் படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த விமானத்தின் மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

ஹைங்கல் 162 வரிசையாக நிற்கும் போர்முடிவுப் படங்களில் மிகப் பெரும்பாலானவை டென்மார்க் எல்லையை ஒட்டிய லெக் தளத்தில் எடுக்கப்பட்டவை. ஜெர்மனியின் முதலாம் வேட்டை விமானப் படைப்பிரிவு 1945 மே மாதத் தொடக்கத்தில் அங்கே தன் விமானங்களை ஒழுங்காக நிறுத்தி வைத்துப் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தது. 120 என்று தொடங்கும் எண்கள் ரோஸ்டாக் தொழிற்சாலையில் கட்டப்பட்டவற்றுக்கு உரியவை. எனவே நீங்கள் படித்த ஐந்து இலக்கங்களும் இந்த இடத்தோடு நன்றாகப் பொருந்துகின்றன.

பிரிட்டன் தான் எடுத்துச்சென்றவற்றுக்கு 'ஏர் மின்' (விமான அமைச்சகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கும் வரிசை எண்களைக் கொடுத்தது. அந்த எண் உடற்பகுதியில் பளிச்சென்று எழுதப்பட்டதால் பிரிட்டனின் விமானச் சோதனைத் தளமான ஃபார்ன்பரோவில் எடுத்த படங்களில் எளிதில் படிக்கலாம். 120227 என்பது ஏர் மின் 65 ஆகி இன்று ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 120235 என்பது ஏர் மின் 68 ஆகி இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 120076, 120086 இரண்டும் கனடாவுக்குக் கப்பலேறின. அவற்றுள் முதலாவது மிகப் பிற்காலத்தில் பெர்லினுக்கே திரும்பிவிட்டது. 120072 என்ற விமானத்தின் முடிவு துயரமானது. ஏர் மின் 61 என்று குறிக்கப்பட்ட அது 1945 நவம்பர் 9 அன்று ஆல்டர்ஷாட்டில் நடந்த காட்சிப் பறப்பின்போது வால் துடுப்பு முறிந்து விழுந்தது, விமானி இறந்தார். இந்த வகையின் இறக்கைகளும் துடுப்புகளும் மரத்தால் ஆனவை. நல்ல பசை தயாரித்த வூப்பர்டால் ஆலை குண்டுவீச்சில் அழிந்தபின் மாற்றுப் பசையை வைத்து ஒட்ட வேண்டிய நிலை ஏற்பட்டிருந்தது. 1944 டிசம்பரில் முதல் மாதிரி விமானமே காற்றில் சிதைந்ததற்கு இந்த ஒட்டுவேலையின் குறையே காரணமாகச் சொல்லப்பட்டது.

இப்போது உங்கள் 12022க்கு வருகிறேன். கடைசி இலக்கம் 7 என்றால் படத்தில் நிற்பது இன்றும் உயிரோடு இருக்கும் விமானம். 2 என்றால் விடை அவ்வளவு நேராக இராது. ஸ்மித்சோனியன் வைத்திருக்கும் 120230 என்ற விமானத்தில் பொருத்தப்பட்டிருக்கும் வால்பகுதி 120222இலிருந்து எடுக்கப்பட்டது. அப்படியானால் உங்கள் சிப்பாய் சாய்ந்து நிற்கும் அந்த வால் அமெரிக்காவில் இருக்கும். அதே படத்தில் தெரியும் மூக்கும் இறக்கையும் அங்கே இருக்காது. ஓடக்கூடிய ஒரு விமானத்தைத் தயார்செய்ய, பக்கத்தில் நின்றவற்றிலிருந்து வேண்டியதைக் கழற்றி மாட்டுவது அந்தத் தளங்களில் அன்றாட வேலை. ஆகவே வாலில் ஓர் எண்ணைக் கண்டால், அது வாலுக்கு மட்டும் சான்று என்று முதலில் கொண்டு, முழு விமானத்துக்கும் அதை நீட்டுவதற்கு உடற்பகுதியில் வேறொரு ஆதாரம் தேடுவதே முறை. மூக்கில் உள்ள பட்டைகள், விமானி அறைக்குக் கீழே உள்ள படைச்சின்னம், பக்கவாட்டில் உள்ள பெரிய எண் ஆகிய மூன்றும் தெரிகின்றனவா என்று தயவுசெய்து பாருங்கள்.

வெள்ளியுப்பு எழுதியது:

எண்களைப் பற்றி மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் வண்ணங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. அக்காலத்தில் பலர் பயன்படுத்திய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது; ஆதலால் சிவப்பு அதில் ஏறக்குறையக் கறுப்பாகவே விழும், நீலம் வெளிறித் தெரியும். சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிமில் இந்த உறவு மாறிவிடும். ஒரே விமானத்தை ஒரே நாளில் இரண்டு பேர் இரண்டு வகை ஃபிலிமில் எடுத்தால், ஒரு படத்தில் எண் கறுப்பு என்றும் மற்றதில் சாம்பல் என்றும் படித்துவிட வாய்ப்புண்டு. வண்ணத்தைத் தீர்மானிக்கும் முன், அதே படத்தில் நமக்கு நிறம் தெரிந்த ஏதேனும் ஒரு பொருளைத் தேடி அதனோடு ஒப்பிட வேண்டும். உங்கள் மூன்றாம் படத்தில் அந்தப் பிரிட்டிஷ் வட்டமே அதற்குப் போதும்: நடுவே சிவப்பு, வெளியே நீலம். எது கறுத்திருக்கிறது என்று பார்த்தால் ஃபிலிமின் வகை புரிந்துவிடும்.

அந்த மூன்றாம் விமானம் பெரும்பாலும் 'பிளாக் 6' என்று அழைக்கப்படும் 109 ஜி-2 ஆக இருக்கலாம். தயாரிப்பு எண் 10639. 1942 நவம்பரில் லிபியாவின் கம்பூட் தளத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையின் 3ஆம் ஸ்குவாட்ரன் அதைக் கண்டெடுத்து, தன் குறியான சி.வி. என்பதை அதில் எழுதியது. பின்னர் பிரிட்டனுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டு, பிடிபட்ட விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டிய 1426ஆம் பிரிவில் ஆர்.என். 228 என்ற எண்ணோடு பணியாற்றியது. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1991இல் மீண்டும் வானில் ஏறியது; 1997 அக்டோபரில் டக்ஸ்ஃபோர்டில் தரையிறங்கும்போது கவிழ்ந்தது; மறுபடியும் சீர்செய்யப்பட்டு இப்போது அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இந்த ஒரு விமானத்தின் படங்களைக் கால வரிசையில் அடுக்கினால் ஜெர்மன் சிலுவை, ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரன் எழுத்துகள், பிரிட்டிஷ் எண், திரும்பவும் ஜெர்மன் சிலுவை என்று வரும். ஜெர்மன் சின்னம் உள்ளதெல்லாம் பிடிபடுவதற்கு முந்திய படம் என்று யாரும் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆயினும், ஸ்குவாட்ரன் எழுத்துகள் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுபவை என்பதால், அவற்றை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். இன்ஜினின் இடப்பக்கத்தில் நீண்ட உருளை போன்ற மணல் வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது வலப்பக்கத்தில் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிவைத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிய வேண்டும். எழுத்து இல்லாத படங்களில் இந்த வடிகட்டி அச்சின் திசையைக் காட்டிக்கொடுக்கும்.

தாள்நிழல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் குறிப்புகளின்படி படங்களை உயர்ந்த தரத்தில் மீண்டும் ஸ்கேன் செய்து பார்த்தேன்.

109இல் வடிகட்டி இடப்பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. வட்டத்தின் நடுப்புள்ளி அடர் கறுப்பாகவும் வெளிவளையம் அதைவிட வெளிறியும் தெரிவதால், வெள்ளியுப்பு சொன்ன முதல் வகை ஃபிலிம் என்றே கருதுகிறேன். 262இல் தெரியும் பெயரின் முதல் எழுத்துக்கு இரண்டு கூர்முனைகள் கீழ்நோக்கி இருக்கின்றன. 'வில்மா' என்பதன் முதல் எழுத்தாகவே அதைப் படிக்க முடிகிறது.

ஹைங்கல் படத்தில் சிப்பாயின் தோளுக்குக் கீழே தெரியும் துண்டில் கிடைக்கோடு எதுவும் இல்லை. இலக்கம் 2 ஆக இருந்திருந்தால் அதன் அடியில் ஒரு தட்டையான கோடு வந்திருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள 2களில் அது நன்றாகத் தெரிகிறது. இங்கே சற்றே சாய்ந்த ஒற்றைக் கோடு மட்டும் கீழே இறங்குகிறது. மூக்கின் பட்டைகள் தெரிகின்றன. விமானி அறைக்குக் கீழே உள்ள சின்னத்தை முன்னால் நிற்கும் ஏணி மறைக்கிறது.

கிழக்கு ஓடுதளம் எழுதியது:

அப்படியானால் 120222 என்ற வாய்ப்பை விலக்கிவிடலாம். 7 என்று எழுதும் முன் 1, 4 ஆகியவற்றையும் விலக்க வேண்டும். இரண்டும் அடியில் ஒற்றைக் கோடாகவே முடியும். அந்தத் துண்டின் சாய்வை அளந்து, அதே வரிசையில் நிற்கும் வேறு விமானங்களின் எண்களில் வரும் 1, 4, 7 ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். ஒரே அச்சுத்தகட்டை வைத்துத் தெளித்த எண்களாக இருந்தால் சாய்வு ஒத்துப்போகும். மேலும் அதன் இடப்பக்க வாலும் படத்தில் விழுந்திருந்தால் அங்கேயும் பாருங்கள், ஏனெனில் இது இரட்டைத் துடுப்பு விமானம். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, தாளின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து இங்கே இடுங்கள். அச்சிட்ட ஆய்வகத்தின் முத்திரையோ தாள் நிறுவனத்தின் பெயரோ இருந்தால், இது 1945இல் போட்ட பிரதியா, பின்னர் எடுத்த நகலா என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.