மறுமொழி: லாகருக்குத் தமிழ்ச்சொல் – மென்பியர் வேண்டாம், கிடைத்தேறல் பாருங்க

குழும நண்பர்களுக்கு வணக்கம்,

லாகர்ங்கற பியர் வகைக்குத் தமிழ்ல என்ன சொல்லு வைக்கலாம்னு பேசுற இந்த இழையை ரெண்டு நாளாப் படிச்சிட்டு வர்றேன், இன்னைக்குத்தான் உக்காந்து எழுத நேரம் கெடச்சுது, கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

> மெக்சிகோ லைட் லாகர் = மென்பியர். லைட்டுன்னா மென்மை, சாராயச் சத்து கம்மி, அவ்ளோதானே.

இதை மட்டும் என்னால ஒத்துக்க முடியலைங்க ஐயா. நான் மூணு வருஷம் மெக்சிகோவுல குவாதலஹாராங்கற ஊர்ல வேலை பாத்தேன். அங்க கடையில போய் உக்காந்தா கேக்குற கேள்வி, க்ளாராவா ஓஸ்குராவா. அதாவது வெளிரா, கருப்பா. அங்க விக்கிற பியர்ல கொரோனா, பசிஃபிகோ, தெகாதே, சோல் எல்லாம் க்ளாரா, நெக்ரா மொதேலோ ஓஸ்குரா. அவங்க சொல்றது நிறத்தை. கொரோனா எக்ஸ்ட்ராவுல சாராயம் 4.5 சதவீதம் கிட்ட இருக்கு, அது சாதாரண பியர் அளவுதான். கொரோனா லைட்டுன்னு கலோரி கம்மியா ஒரு சரக்கு தனியாவே இருக்கு, மென்பியர்னு வச்சுட்டா அப்புறம் அதுக்கு என்ன பேரு வைப்பீங்க? போதாக்குறைக்கு மென்பானம்னா நம்மூர்ல கோலா, சோடா. அதனால லைட்டுங்கற இங்கிலீஷ் சொல்லையே மறந்துடுவோம், மெக்சிகோக்காரங்க சொல்றதுலேந்து எடுப்போம், வெளிர்னு வச்சுக்குவோம். வெளிர்மஞ்சள், வெளிர்நீலம்னு ஏற்கெனவே புழங்குற சொல்லுதான்.

இப்ப லாகருக்கு வர்றேன், எனக்கு நெசமாவே ஆசையான இடம் இது.

லாகர்ங்கறது ஜெர்மன் சொல்லு. சரக்கு வைக்கிற கிடங்குக்கும் அதுதான் பேரு, ஆளுங்க தங்குற முகாமுக்கும் அதுதான் பேரு, வேர்ல பாத்தா 'கிடத்தல்'ங்கற வினைதான். நம்ம கிடங்கும் 'கிட'லேந்து வந்ததுதானே! ராத்திரி வயல்ல ஆடுங்க படுத்துக் கிடக்குற இடத்தைக் கிடைன்னு சொல்றோம், கிடை போடுறோம்னு சொல்றோம். ஜெர்மன்காரன் யோசிச்ச மாதிரியே நாமளும் யோசிச்சு வச்சிருக்கோம், சொல்லைத் தேடி எங்கயும் போக வேண்டியதில்ல.

செய்முறையும் அதுதான் சொல்லுது. பியர்ல இன்னொரு பெரிய வகையான ஏல்ல ஈஸ்ட் (யாழ்ப்பாணத்து அண்ணா பாடப்புத்தகத்துல மதுவம்னு படிச்சிருப்பாரு, அழகான சொல்லு, அதையும் பட்டியல்ல சேக்கணும்) கொஞ்சம் சூட்டுல, மேல நுரையா ஏறிப் பொங்கி நொதிக்கும். லாகர் ஈஸ்ட் 8லேந்து 13 டிகிரிக்குள்ள மெதுவா வேலை செஞ்சு அடியில போய்த் தங்கும். அதுக்கப்புறம் பூஜ்ஜியத்துக்குக் கிட்டக் குளிர்ல வாரக்கணக்குல அப்படியே போட்டு வைப்பாங்க, அந்தக் காலத்துல பவேரியாவுல குளிர்காலத்துல வெட்டின ஐஸைப் பாதாள அறையில அடுக்கி அதுக்கு நடுவுல வைப்பாங்க. கிடக்கக் கிடக்க வண்டல் இறங்கி, பச்சை வாசனை போயி, பியர் தெளியும்.

தெளியறதுக்கு நம்ம பழைய வினை 'தேறு'. கலங்கின தண்ணியில தேத்தாங்கொட்டையை உரசி விடுவோமே, அதுவும் இதே வேர்தான். தெளிஞ்ச கள்ளுக்கு சங்கப்பாட்டுல தேறல்னு பேரு. ஆக, கிடந்து தேறினது கிடைத்தேறல். மெக்சிகோக்காரங்க குடிக்கிறது வெளிர் கிடைத்தேறல்.

> அவ்வையாரே 'நாட்படு தேறல்'னு சொல்லிட்டாங்களே, அதை அப்படியே வைக்கலாமே?

புறநானூறு 392, எனக்கும் முதல்ல அதுதான் தோணுச்சு. ஆனா அதே வரியில 'தேட்கடுப்பன்ன'ன்னு இருக்கு தங்கச்சி, தேள் கொட்டுன மாதிரி கடுக்குற சரக்கு அது. நான் சொல்றது அதுக்கு நேரெதிர். மெக்சிகோவுல மசத்லான்ங்கற ஊர்ல கடற்கரை ஓரமா ஒரு தட்டிக்கடை, மதியம் ரெண்டு மணி, பச்சை மிளகாயும் எலுமிச்சையும் பிழிஞ்சு ஊறவச்ச பச்சை இறாலு, அகுவாச்சிலேன்னு சொல்வாங்க, ஒரு வாய் போட்டா காது வரைக்கும் எரியும். அப்ப வாளி நிறைய ஐஸ்ல சொருகின பசிஃபிகோவை எடுத்துக் குடுப்பாங்க, பாட்டில் முழுக்க வேர்த்திருக்கும், லேபிள்ல நங்கூரமும் அந்த ஊர்க் குன்றும் இருக்கும். ஒரு மடக்கு. கசப்பு இருக்கான்னா இருக்கு, நாக்குல நிக்காது, லேசா ஒரு தானிய இனிப்பு, நுரை பட்டு எரிச்சல் அடங்கும், திரும்ப இறாலுக்குக் கை போகும். பார்லியோட மக்காச்சோளமோ அரிசியோ சேத்துக் காய்ச்சுறதாலதான் அந்த இலேசு. இதைத் தண்ணி மாதிரி இருக்குன்னு குறை சொல்றவங்க அந்த வெயில்ல அந்த இறாலோட குடிச்சுப் பாக்கணும்.

அந்த பியரை 1900ல மசத்லான்ல ஆரம்பிச்சதும் ஜெர்மன்காரங்கதான். மான்டெர்ரேல குவாடெமோக் ஆலை 1890, மெக்சிகோ சிட்டியில கொரோனாவும் மொதேலோ ஆலையும் 1925. ஐஸ் மிஷினும் ரயிலும் வந்தபிறகுதான் அந்தச் சூட்டு ஊருல கிடைபோட முடிஞ்சுது.

அப்புறம் எலுமிச்சை. அவங்க லிமோன்ங்கறது சின்னதா, பச்சையா, தோல் மெல்லிசா இருக்குமே, நம்மூரு எலுமிச்சையேதான், யாழ்ப்பாணத்துத் தேசிக்காய். அதனால 'பச்சை எலுமிச்சை', 'லைம்'னெல்லாம் புதுசா ஒண்ணும் வேண்டாம். எலுமிச்சையும் உப்பும் போட்ட பியருக்கு செலாதான்னு அங்க பேரு, அதை அப்படியே விட்டுடலாம், சாப்பாட்டுப் பேரை மாத்தக் கூடாதுன்னு நான் முன்னாடியும் எழுதியிருக்கேன்.

> கிடைன்னா பள்ளிக்கூடத்துல கிடைமட்டம், கிடைக்கோடு. பாட்டிலைப் படுக்க வைக்கிற பியர்னு நினைச்சுக்க மாட்டாங்களா? வேகமாப் படிச்சா 'கிடைத்து'ன்னும் கண்ணு போகுது.

அண்ணா, ரெண்டாவது சொன்னது நியாயம், நானும் வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன். கிடைமட்டம் ஒரே வேர்ங்கறதால அது எனக்குப் பெருசா உறுத்தல, ஆனா கண்ணு தடுக்குறது தடுக்குறதுதான். குளிர்த்தேறல்னா குளிர்பானத்தோட குழம்பும், ஐஸ்ல வச்ச எல்லா பியருமே குளிர்த்தேறல்தானேன்னு கேப்பாங்க. தண்தேறல்னா புணர்ச்சியில தண்டேறல் ஆயிடும், தண்டு மேல ஏறுற மாதிரி. அதனால நான் சொல்றது, அகராதிப் பட்டியல்ல கிடைத்தேறல், பேச்சுல கிடைப்பியர். பியர் எல்லார் வாயிலயும் ஊறிப்போன சொல்லு, அதைத் துரத்த வேண்டாம். மெக்சிகோலயும் பாருங்க, 940 மில்லி பாட்டிலுக்கு காகுவாமா, பெரிய கடலாமையோட பேரு அது, பசிஃபிகோவோட பெரிய பாட்டிலுக்கு பல்லேனா, திமிங்கலம். ஆளுங்க கையில எடுத்துப் பாத்து வச்ச பேரு.

இன்னொரு சொல்லும் கூடவே போடுறேன். வெள்ளைக் கண்ணாடி பாட்டில் வெயில்ல இருந்தா பியருக்குக் கசப்பு குடுக்குற ஹாப்ஸ் பூவுல இருக்குற பொருள் வெளிச்சம் பட்டு உடைஞ்சு ஒரு கெட்ட நாத்தம் வரும், பழுப்பு பாட்டில்ல அது ரொம்பக் கம்மி. இதுக்கு 'வெயில்பட்ட பியர்' போதும்னு நினைக்கிறேன், தயிர் வெயில் பட்டுப் புளிச்சுப் போச்சுன்னு வீட்டுல சொல்றதுதானே.

பட்டியல்ல போட ஒரு வரி: கிடைத்தேறல் (பெ.) அடியில் தங்கும் ஈஸ்ட்டால் குளிர்ச்சியில் நொதித்து, பின் நீள்குளிரில் கிடந்து தெளிந்த பியர், பேச்சில் கிடைப்பியர்.

ஏலுக்கு எனக்கு இன்னும் சொல்லு அமையல, மேல பொங்குறதை வச்சு யாராவது ஒண்ணு சொல்லுங்க, 'பொங்கு'ங்கற வேரை மட்டும் தொட வேண்டாம், தை மாசம் ஞாபகம் வந்துடும்.

அன்புடன்