தாவீது ஆடியது பக்தி இல்லையா?

கிழக்குவெளிச்சம்:
"கைதட்டி ஆடிப் பாடுவது பொழுதுபோக்கு, பயத்தோடு நிற்பதுதான் பக்தி" என்று மௌனன் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கடவுளின் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்தபோது இஸ்ரவேலின் அரசர் தாவீது முழுப் பலத்தோடும் ஆடினார். முகம் சுளித்தவள் அவர் மனைவி மீகாள் ஒருத்திதான். மௌனன் எந்தப் பக்கம்?

மௌனன்:
அதிகாரத்தைப் பாதியிலிருந்து படித்தால் இப்படித்தான் கேட்கத் தோன்றும். பைபிளில் அதே 2 சாமுவேல் 6-இல், பெட்டியைக் கொண்டுவந்த முதல் ஊர்வலத்திலும் சுரமண்டலம், தம்புரு, கைத்தாளம் எல்லாம் இருந்தன. வண்டி மாடுகள் இடறின, வண்டியை நடத்திய ஊசா பெட்டியைப் பிடித்தான், அங்கேயே செத்தான். தாவீது பயந்துபோய்ப் பெட்டியை மூன்று மாதம் ஓபேத்ஏதோம் வீட்டில் விட்டுவைத்தார். நீங்கள் சொல்லும் நடனம் அதற்கு அப்புறம். மீகாள் குறை சொன்னதும் நடனத்தை அல்ல, உடையை. பணிப்பெண்கள் கண்முன் உடை களைந்தார் என்றுதான் பழித்தாள், 20-ஆம் வசனத்தைப் பாருங்கள்.

கிழக்குவெளிச்சம்:
ஊசா பாட்டுக்காகவா செத்தான்? ஆலயப் பணிக்குரிய லேவியர் தோளில் சுமக்க வேண்டியதை வண்டியில் ஏற்றினார்கள். தாவீது அந்தத் தவறைத் திருத்தினார், பாட்டை நிறுத்தவில்லை. இரண்டாம் தடவை எக்காளமும் சேர்ந்துகொண்டது. உடை என்கிறீர்களே, 1 நாளாகமம் 15:27-இல் மெல்லிய அங்கியும் ஏபோத்து என்ற ஆசாரிய உடையும் அணிந்திருந்தார் என்றே இருக்கிறது.

மௌனன்:
நாளாகமம் பிற்காலத்தில் எழுதப்பட்டது. சாமுவேலில் ஏபோத்து மட்டும்தான். உடைதான் விஷயம்.

கிழக்குவெளிச்சம்:
சாமுவேலிலேயே 16-ஆம் வசனம்! தாவீது குதித்து ஆடுவதை மீகாள் ஜன்னலிலிருந்து கண்டு மனதில் அவரை அவமதித்தாள். உடைப் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

தேன்மொழி:
தன் அப்பா சவுல் ராஜாவின் ஆட்கள் கொல்ல வந்தபோது தாவீதை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டுக் காப்பாற்றியவள் மீகாள். அப்புறம் அவளை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள், பிறகு தாவீதிடமே பிடுங்கிவந்தார்கள். அந்த இரண்டாம் கணவன் பல்த்தியேல் பகூரிம் ஊர்வரை அழுதுகொண்டே பின்னால் வந்தான். மறுபடி ஒரு ஜன்னலில் நின்றவளின் நெஞ்சில் என்ன இருந்திருக்கும்? உடையா நடனமா என்று அளக்கிற உங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

கிழக்குவெளிச்சம்:
சகோதரி, அது வேறு பேச்சு. இங்கே முன்பு நடந்த யோபு புத்தக விவாதத்தையும் இப்படித்தான் திசைதிருப்பினீர்கள்.

தேன்மொழி:
திசைதிருப்பியது நானா? பதில் சொல்லத் தெரியாமல் நிர்வாகியிடம் புகார் கொண்டுபோனது யார்?

பழையவாசகன்:
சண்டை வேண்டாமே. யூதர்களுக்குள்ளும் இது நடந்திருக்கிறது. பாட்டும் நடனமுமாக வழிபட்ட ஹசிதியரை 1772-இல் வில்னா நகரத்துப் பெரியவர்கள் விலக்கிவைத்தார்கள். துருக்கியில் 1925-இல், சுழன்றாடி வழிபடும் மெவ்லவிகள் உட்பட இஸ்லாமிய சூஃபிகளின் மடங்களை மூடினார்கள். ஹசிதியர் இன்றும் ஆடுகிறார்கள், மெவ்லவிகள் இன்றும் சுழல்கிறார்கள்.

மௌனன்:
அழியாமல் இருப்பதெல்லாம் சரியாகிவிடுமா ஐயா? இதுவா வாதம்?

கிழக்குவெளிச்சம்:
வாதம் வேண்டுமா? நெகேமியா 8-ஐ எடுங்கள். மோசேயின் நியாயப்பிரமாணத்தை வாசிக்கக் கேட்டு ஜனங்கள் அழுதார்கள். நீங்கள் கேட்கிற பயம் அவர்களிடம் இருந்தது. "அழாதீர்கள், போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் அனுப்புங்கள்" என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அப்போஸ்தலர் பவுல் சிறையில் இருந்துகொண்டு பிலிப்பி சபையாருக்கு எழுதும்போது சந்தோஷமாயிருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். விலங்கோடு இருந்தவருக்குப் பொழுதுபோக்கா அது? மகிழ்ச்சி விசுவாசத்தின் உயிர். அதைக் கொச்சைப்படுத்தினால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

மௌனன்:
சங்கீதம் 2:11, "நடுக்கத்துடனே களிகூருங்கள்." நடுக்கம் முதலில் வருகிறது.

கிழக்குவெளிச்சம்:
களிகூருங்கள் என்பதுதான் கட்டளை!

மௌனன்:
உடைக்கு இன்னும் பதில் வரவில்லை. 20-ஆம் வசனம்.

கிழக்குவெளிச்சம்:
நீங்கள் முதலில் 16-ஐப் படித்துவிட்டு வாருங்கள்.